இயர்பட்ஸ் போட்டு நடக்கும்போது பேட்டரி வண்டி பின்னாடி வர்றது தெரியவே இல்லை – என்ன செய்யலாம்?

அரசலாற்றங்கரை கேட்டது:

வணக்கம். இடம் கும்பகோணம் பக்கம், வாய்க்கால் ஓரமாகப் போகும் சாலை. பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை ஒன்றரை கி.மீ. நடைபாதை கிடையாது. தார் போட்ட அகலம் நாலு மீட்டர் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். அக்கா மகள் தினம் காலை, மாலை இந்த வழியில் நடக்கிறாள், பாட ஆடியோ கேட்டுக்கொண்டே. சிலிகான் ரப்பர் வைத்த சாதாரண இயர்பட்ஸ். இந்தச் சாலையில் இப்போது பாதிக்குப் பாதி பேட்டரி ஸ்கூட்டர். பெட்ரோல் வண்டி என்றால் தூரத்திலேயே தெரியும், இது தோளை உரசிப் போன பிறகுதான் தெரிகிறது.

ஒரு காதில் மட்டும் போட்டால் போதுமா? ட்ரான்ஸ்பரன்சி (வெளிச் சத்தத்தை மைக் வழியாகக் காதுக்குள் விடும்) வசதி உள்ளது வாங்கினால் சரியாகிவிடுமா? ரோட்டில் எந்தப் பக்கம் நடப்பது? "கழட்டிட்டு நட" என்பது தெரிந்த பதில்தான். அதற்கு மேல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி:

முதல்ல ஒண்ணு. காதுல எதுவும் போடாம நடந்தாலும், 20 கி.மீ. வேகத்துக்குக் கீழ வர்ற பேட்டரி ஸ்கூட்டர் கடைசி சில மீட்டர்லதான் கேட்கும். இன்ஜின் சத்தம் இல்ல, டயர் சத்தம் மட்டும்தான். அதுவும் வேகம் ஏற ஏறத்தான் கூடும். அதனால இயர்பட்ஸை மாத்தினா பாதிதான் சரியாகும். மீதி, பின்னாடி என்ன வருதுன்னு பாக்குற வேலையைக் காதுகிட்டேருந்து வாங்கிக் கண்ணுகிட்ட கொடுக்கணும். அதை நடை பத்தித் தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் இயர்பட்ஸ் பக்கத்தை மட்டும் சொல்றேன்.

டயர் ரோட்டுல உருள்ற சத்தம் சுமார் 1000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அதிகமா இருக்கும். சிலிகான் ரப்பர் அதுக்கு மேல உள்ள சத்தத்தை நல்லா அடைக்கும். நாய்ஸ் கேன்சலேஷன், அதாவது வெளி இரைச்சலைக் குறைக்கிற வசதி, அதுக்குக் கீழ உள்ள, ஒரே சீரா வர்ற இரைச்சலைத் தின்னும். ரெண்டும் சேர்ந்தா டயர் சத்தம் மேலேயும் போச்சு, கீழேயும் போச்சு. ரோட்டுக்கு இதைவிட மோசமான ஜோடி கிடையாது.

இதுல நிறைய பேர் ஏமாறுற இடம்: பாட்டை நிறுத்தினா நாய்ஸ் கேன்சலேஷன் நிக்காது. ரோடு கடக்குறப்ப ஒரு தட்டு தட்டிப் பாட்டை நிறுத்திட்டு "இப்ப எல்லாம் கேட்கும்"னு இறங்குவாங்க. பாட்டும் இல்லாம, ரோடும் இல்லாம முழு அமைதியில நிக்குறோம்னு தெரியாது. நிறைய பட்ஸ்ல கீழ நீட்டிக்கிட்டிருக்குற தண்டை அழுத்திப் பிடிச்சாதான் நாய்ஸ் கேன்சலேஷன் முறை மாறும். வீட்டுலயே நாலு தடவை பழகிக்கணும்.

பெட்டி மேல "ஈஎன்சி"ன்னு போட்டிருந்தா அது வேற. போன் பேசறப்ப எதிராளிக்கு நம்ம குரல் தெளிவா போறதுக்கான வசதி அது. நம்ம காதுக்கு வர்ற சத்தத்தைக் கூட்டாது, குறைக்காது. கடையில ரெண்டையும் ஒண்ணா சொல்லி விக்கிறாங்க.

ட்ரான்ஸ்பரன்சி முறை உதவும், ஆனா ரெண்டு குறை இருக்கு. ஒரு சத்தம் முன்னாடியிலேருந்தா பின்னாடியிலேருந்தான்னு நமக்குக் காட்டிக் கொடுக்கறது காது மடலோட வளைவு. மைக் பட்ஸோட வெளிப்பக்கம் இருக்குறதால அந்த அடையாளம் குலைஞ்சிடும். வண்டி வருதுன்னு தெரியும், எந்தப் பக்கம்னு சட்டுனு தெரியாது. ரெண்டாவது காத்து. ஆடி மாசம் ஆத்துப் பாலத்துல இந்த முறையைப் போட்டுப் பாருங்க, மைக்ல காத்து அடிச்சு "புர்ர்"னு ஒரே இரைச்சல். அதுக்குள்ள டயர் சத்தம் எங்க கேட்கப் போகுது? பாலத்துல, திறந்த வயல்வெளியில கழட்டறதுதான் வழி.

ஒரு காது போதுமாங்கற கேள்விக்கு: அரை பதில்தான். சத்தம் ஒரு காதுக்கு முதல்லயும் இன்னொண்ணுக்குக் கொஞ்சம் தாமதமாவும் போய்ச் சேரும். அந்த வித்தியாசம் ஒரு மில்லி செகண்டுகூட கிடையாது, அதை வெச்சுத்தான் மூளை திசை கண்டுபிடிக்குது. ஒரு காதை அடைச்சா எல்லாமே திறந்த காது பக்கத்துலேருந்து வர்ற மாதிரி இருக்கும். ஆனாலும் ரெண்டையும் அடைக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். ரோட்டுக்கு வலது ஓரமா நடந்தா இடது காதைத் திறந்து விடணும், இடது ஓரமா நடந்தா வலது காதை. எப்பவும் வண்டி ஓடுற பக்கத்துக் காது திறந்திருக்கணும்.

ஒரு காதுல கேட்கறப்ப போன் செட்டிங்ஸ்ல "அணுகல்தன்மை" பகுதிக்குப் போய் மோனோ ஆடியோவை ஆன் பண்ணுங்க. இல்லாட்டி இடது, வலதுன்னு பிரிச்சுப் பதிவு பண்ணின ஆடியோவுல பாதி காணாமப் போகும், அதை ஈடுகட்ட வால்யூமை ஏத்துவோம்.

வால்யூம் சரியான்னு பாக்க மீட்டர் வேண்டாம். ஆடியோ ஓடறப்ப ஒருத்தர் கை நீட்டுற தூரத்துல நின்னு சாதாரணக் குரல்ல பேசட்டும். வார்த்தை புரியலன்னா ரோட்டுக்கு அது அதிகம். பஸ்ஸுக்குள்ள டிரைவர் போடுற பாட்டையும் ஏர் ஹாரனையும் மீறிக் கேட்க ஏத்தி வெச்ச வால்யூமோட அப்படியே இறங்கி நடக்கறதுதான் வழக்கமா நடக்குற தப்பு. படியில கால் வைக்கும்போதே இறக்கணும்.

காதுக்கு வெளியே உக்கார்ற ஓபன் இயர் வகை, கன்ன எலும்பு வழியா கேட்க வைக்கிற வகை – ரெண்டும் காதுத் துவாரத்தை மூடாது. பாட ஆடியோவுக்கு, அதாவது பேச்சுக் குரலுக்கு, இதுவே தாராளம். வாங்கறதா இருந்தா என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா பஸ்ஸுக்குள்ள கேட்காது, அதுக்காக வால்யூமை ஏத்திடக் கூடாது.

சும்மாநடப்பவன்:

இத்தனை வகை, முறை எதுக்கு? ஒன்றரை கி.மீ. இருபது நிமிஷம். பாக்கெட்ல போட்டுட்டு நடந்தா என்ன குறைஞ்சிடும்?

ஒலிப்பெட்டி:

குறையாது தம்பி, அதுதான் நல்லதும். ஆனா கழட்டிட்டதாலேயே பின்னாடி வர்றது கேட்டுடும்னு நம்பினா அதே இடத்துல மாட்டுவோம். கீழ மெக்கானிக் ஹப்மோட்டார் எழுதறதைப் பாருங்க.

ஹப்மோட்டார்:

பேட்டரி வண்டி ஏன் கேட்கலன்னு உள்ளேருந்து சொல்றேன்.

வண்டியில ரெண்டு வகை. மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்குற ஹப் மோட்டார் வண்டியில பெல்ட், செயின், கியர் எதுவும் இல்ல. சுத்தற சத்தம்னு சொல்லிக்கவே ஒண்ணும் கிடையாது. மோட்டார் நடுவுல இருந்து பெல்ட்ல சக்கரத்தைச் சுத்தற வண்டியில மெல்லிசா ஒரு "ஙீ" சத்தம் வரும், கவனிச்சா அஞ்சாறு மீட்டர்ல பிடிபடும். ஆனா அது கூர்மையான சத்தம், சிலிகான் ரப்பர் முதல்ல அடைக்கறதே அதைத்தான்.

பதிவு எண்ணே இல்லாத சின்ன வண்டிகளை மறந்துடாதீங்க. மோட்டார் 250 வாட், வேகம் 25 கி.மீ. – இதுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் பெரியவங்களும் ஓட்டறது பெரும்பாலும் இதுதான். எடை குறைவு, டயர் மெல்லிசு, சத்தம் இன்னும் கம்மி. 2017 ஏப்ரல்லேருந்து புது டூவீலருக்குப் பகல்லயும் முன் விளக்கு தானா எரியணும்னு விதி. பதிவே வேண்டாத இந்த வண்டிகள்ல அதை எதிர்பார்க்க முடியாது. விளக்கை வெச்சு அடையாளம் கண்டுக்கலாம்னா இதுல நடக்காது.

நிக்கற வண்டியும் ஆபத்துதான். பெட்ரோல் வண்டி ஆன்ல இருந்தா துடிக்கும், புகை வரும். பேட்டரி வண்டி ஆன்ல இருக்கான்னு வெளியிலேருந்து தெரியாது. கடை வாசல்ல ஸ்டாண்டு எடுத்து ஒருத்தர் உக்கார்ந்திருந்தா அதோட முன் சக்கரத்தை ஒட்டிக் குறுக்கே போகாதீங்க, ஒரு மீட்டர் விட்டுப் போங்க. நிறைய மாடல்ல ரிவர்ஸும் இருக்கு. கும்பகோணம் கடைத்தெருவுல வரிசையா நிறுத்தின வண்டி சத்தமில்லாம பின்னாடி வரும்.

இனி ஓட்டறவங்களுக்கு. நடக்கறவங்களுக்குப் பக்கத்துல வந்து ஹாரன் அடிக்காதீங்க. மூணு மீட்டர்ல ஹாரன் கேட்டா மனுஷன் துள்ளுவான், எந்தப் பக்கம் துள்ளுவான்னு அவனுக்கே தெரியாது. 20 மீட்டர்லயே சின்னதா ஒரு தடவை. தலை திரும்பலன்னா அவருக்குக் கேட்கலன்னு முடிவு பண்ணிக்கணும். அடுத்தடுத்து அடிச்சுப் பிரயோஜனமில்ல. வேகத்தை நடை வேகத்துக்குக் குறைச்சு, ஒன்றரை மீட்டர் இடம் விட்டுத் தாண்டுங்க. இடமில்லன்னா பின்னாடியே கொஞ்சம் உருட்டிக்கிட்டு வாங்க, பேட்டரி வண்டிக்கு அது கஷ்டமே இல்ல.

ஏன் 20 மீட்டர்? 30 கி.மீ. வேகம்னா நொடிக்கு 8.3 மீட்டர். ஆளைப் பாத்து பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி, அதுலயே 12 மீட்டர் போயிடும். பிடிச்ச பிறகு காஞ்ச ரோட்டுல இன்னும் 7 மீட்டர். மொத்தம் 19. வேகம் 40 ஆனா 29 மீட்டர்.

"பாட்டு ஹாரன் மாட்டித் தரீங்களா"ன்னு கேட்டு வர்றாங்க. பல ராகத்துல மாறி மாறி ஒலிக்கிற ஹாரன் மத்திய மோட்டார் வாகன விதி 119 படி கூடாது. சிலர் ஹேண்டில்ல சைக்கிள் பெல் மாட்டிக்கறாங்க. சும்மா நடக்கறவங்களுக்கு அது நல்லா கேட்கும், பயமுறுத்தவும் செய்யாது. ரப்பர் பட்ஸ் போட்டவங்களுக்கு மட்டும் எடுபடாது.

வெண்ணாறு:

நடப்பது பற்றி எழுதுகிறேன்.

அடிபடுவது பெரும்பாலும் நேராக நடக்கும்போது அல்ல, விலகும்போது. ஓரமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பவர் தேங்கிய தண்ணீருக்காகவோ, சாணிக்காகவோ, படுத்திருக்கும் நாய்க்காகவோ திடீரென ஒரு மீட்டர் நடு ரோட்டுப் பக்கம் வருவார். பின்னால் வருபவர் அவர் நேராகவே போவார் என்று கணக்குப் போட்டிருப்பார். முன்பு இன்ஜின் சத்தம் கேட்டு நம் கால் தானாக நின்றுவிடும். அந்தப் பழக்கம் உடம்பில் இன்னும் இருக்கிறது, சத்தம்தான் இல்லை.

ஆகவே தடங்கல் ஐந்தாறு அடி முன்னால் இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். நின்ற பிறகு முகவாயைத் தோள் வரை திருப்பிப் பார்த்துவிட்டு விலக வேண்டும். நடந்துகொண்டே திரும்பினால் தலை போகும் பக்கமே காலும் போகும். இந்த ஒன்றைப் பழக்கிவிட்டால் காதில் என்ன இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

எந்தப் பக்கம்: நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரம். அருகில் உள்ள வண்டிகள் எதிரே வரும், கண்ணுக்குத் தெரியும். இரண்டு இடங்களில் மட்டும் இதை மாற்றலாம். சாலை வலப்பக்கம் வளையும் இடத்தில் உள்வளைவில் நடப்பவர் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியமாட்டார். வளைவுக்கு 30 மீட்டர் முன்பே இடப்பக்கம் மாறி, வளைவு முடிந்ததும் திரும்ப வர வேண்டும். இன்னொன்று, கேள்வியில் உள்ளது போன்ற வாய்க்கால் கரை. வலப்பக்கம் வாய்க்கால் விளிம்பு தாரை ஒட்டியே இருந்தால் ஒதுங்க இடமே இல்லை. எதிரே வருவதைப் பார்த்து என்ன பயன்? ஒரு மீட்டராவது மண் ஓரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நடக்கச் சொல்லுங்கள். அது இடப்பக்கமாக அமைந்தால் பட்ஸ் இரண்டும் பைக்குள்.

நம் பக்கத்துச் சாலைக்கு என்று சில உண்டு. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு மதகு, கதவணை அருகே விழும் நீரின் இரைச்சலில் ஸ்கூட்டர் என்ன, சில நேரம் காரே கேட்காது. குறுவை, சம்பா அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காயும். இரு திசை வண்டிகளும் மீதிப் பாதியில்தான் போகும், நடப்பவரும் அங்கேயேதான். நெல் கிடக்கும் நீளத்துக்கு எதிர்த்திசை, நேர்த்திசை என்ற கணக்கே கிடையாது. அங்கே வலது ஓரம் என்ற விதியை நம்ப வேண்டாம். நெல்லுக்கு அணையாக வைத்த கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாமல், நெல் இல்லாத பக்கத்து மண் ஓரத்தில் இறங்கிப் போவதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர ரோட்டில் டயர் சத்தம் கூடத்தான் செய்யும். ஆனால் குடைமேல் விழும் மழை அதை மூழ்கடித்துவிடும். போதாததற்கு, குடையைத் தோளில் சாய்த்தால் பின்பக்கம் திரும்பிப் பார்க்கவும் முடியாது. நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அல்லது மழைக்கோட்டு. மழைக்கோட்டின் தலைமூடியும் கண்ணை மறைக்கும் என்பதால் கழுத்தோடு அல்ல, உடம்போடு திரும்ப வேண்டும்.

ரோடு கடப்பது: ஓரத்துக்கு வருவதற்குப் பத்து அடி முன்பே பட்ஸை எடுத்துவிட வேண்டும். விளிம்பில் நின்று பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் கண் பெட்டியில் இருக்கும். வலம், இடம், மறுபடி வலம். ஒருவழிப் பாதையிலும் இரு பக்கமும். தஞ்சாவூர் ராஜ வீதிகளில் நடந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஏழு மீட்டர் சாலையைச் சாதாரண நடையில் கடக்க ஆறு நொடி. அந்த ஆறு நொடியில் 40 கி.மீ. வேக வண்டி 67 மீட்டர் வந்துவிடும், ஆறு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம். அதற்குள் எது இருந்தாலும் நிற்பதே சரி.

அரசலாற்றங்கரை:

மிக்க நன்றி. வெண்ணாறு ஐயா, இங்கே மண் ஓரம் இருப்பது வயல் பக்கம்தான். காலையில் போகும்போது அது இடப்பக்கம், மாலையில் வலப்பக்கம். கார்த்திகை, மார்கழியில் கல்லூரி விட்டு வரும்போது இருட்டிவிடுகிறது. அதற்கு ஏதாவது?

வெண்ணாறு:

அப்படியானால் காலையில் காது இரண்டும் காலி, மாலையில் ஒரு காதில் மட்டும், இடது காது திறந்தபடி. குழப்பமில்லாத ஏற்பாடு.

இருட்டில் ஒரு வசதி உண்டு. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் நம் நிழலை முன்னால் தள்ளும். தூரத்தில் இருக்கும்வரை நிழல் நேராக இருக்கும், வண்டி நெருங்க நெருங்க ஒரு பக்கமாக நகரும். நிழல் நகரத் தொடங்கினால் நின்று ஓரம் ஒதுங்க வேண்டும். தெருவிளக்கு இருக்கும் இடத்தில் இது எடுபடாது. போனில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தாலும் நிழல் சரியாகத் தெரியாது.

வண்டிக்காரருக்கு நாம் தெரிவதற்கு, சைக்கிள் கடையில் விற்கும் பளபளக்கும் ஒட்டுத்தாளைப் பையின் பின்புறம் ஒரு துண்டு, செருப்பின் குதிகாலில் காலுக்கொரு துண்டு ஒட்டலாம். குதிகாலில் ஒட்டியது அசைவதால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

சும்மாநடப்பவன்:

பேட்டரி வண்டிக்குச் சத்தம் வைக்கச் சொல்லி சட்டம் வருதுன்னு படிச்சேனே? அது வந்தா இந்தத் தலைவலியெல்லாம் தீர்ந்துடுமா?

ஹப்மோட்டார்:

நம்ம தலைவலி தீராது. ஐ.நா. விதி 138 இருக்கு. 20 கி.மீ. வேகம் வரைக்கும், ரிவர்ஸ்லயும் வண்டி தானா ஒரு சத்தம் எழுப்பணும்னு சொல்லுது. 10 கி.மீ. வேகத்துல குறைஞ்சது 50 டெசிபெல், 20 கி.மீ.ல 56, அதிகபட்சம் 75. ஐரோப்பாவுல 2021 ஜூலையிலேருந்து புதுசா விக்கிற எல்லா எலக்ட்ரிக் காருக்கும் கட்டாயம். இந்தியாவுல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பர்ல வெளியிட்ட வரைவுல புது மாடலுக்கு 2026 அக்டோபர் 1, ஏற்கெனவே விக்கிற மாடலுக்கு 2027 அக்டோபர் 1னு தேதி போட்டிருந்தாங்க. ஆனா அது எம், என் வகைக்கு – கார், பஸ், லாரி. ஸ்கூட்டரும் ஆட்டோவும் எல் வகை, அந்த வரைவுல இல்ல. ஏற்கெனவே ரோட்டுல ஓடற வண்டிக்கும் பொருந்தாது.

இன்னொண்ணு, 56 டெசிபெல்ங்கறது ரெண்டு பேர் சாதாரணமா பேசுற சத்தத்தைவிடக் கொஞ்சம் கம்மி. நாய்ஸ் கேன்சலேஷன் போட்டவருக்கு அதுவும் கேட்காது.

கீழவாசல்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வெள்ளைக் கோலோட நடக்கறவங்க ரோடு கடக்க வண்டிச் சத்தத்தைத்தான் கணக்கு வெச்சுப்பாங்க. வண்டி ஓட்டறவங்க அவங்களைப் பாத்தா "கேட்டிருக்கும்"னு நினைச்சு முன்னாடி நுழையாதீங்க. முழுசா நிறுத்துங்க, நிறுத்திட்டு வாயால "வண்டி நிக்குது, போங்க சார்"னு சொல்லுங்க. ஹாரன் அடிச்சா போகச் சொல்றீங்களா நிக்கச் சொல்றீங்களான்னு அவங்களுக்குத் தெரியாது. போன்ல வழி கேட்டு நடக்கறவங்களுக்கு எலும்பு வழி ஹெட்போன்தான் சரி, காது ரெண்டும் ரோட்டுக்கு வேணும்.

மாயவரம், தஞ்சாவூர் லைன்ல தண்டவாளத்தை ஒட்டி ஒத்தையடிப் பாதையில நடக்கறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். மின்மயமான பிறகு டீசல் இன்ஜின் அதிர்வு கிடையாது, நேரா எதிர்ல வர்ற ரயிலோட சத்தம் ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ஒத்தை லைன், ரெண்டு திசையிலேருந்தும் வரும். அங்க பட்ஸை எந்தக் காதுல போடறதுங்கற பேச்சே இல்ல, தண்டவாளத்துல நடக்கறதே ரயில்வே சட்டம் 147 படி குற்றம். ஆறு மாசம் வரை சிறை, இல்ல ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கேட் போட்டிருக்கறப்ப குனிஞ்சு நுழையறவங்க காதைக் கவனிச்சுப் பாருங்க, பாதி பேருக்கு ஒயர் தொங்கும்.

ஒலிப்பெட்டி:

அரசலாற்றங்கரைக்கு ஒண்ணு மட்டும். ஒரு காதுல போடறப்ப இன்னொரு பட்ஸைக் கையில வெச்சுக்காம பெட்டிக்குள்ள போடச் சொல்லுங்க. சில மாடல்ல ஒரு காதுலேருந்து எடுத்ததும் ஆடியோ நின்னுடும், பெட்டிக்குள்ள வெச்சு மூடினாதான் மத்தது தனியா ஓடும். அது தெரியாம நடு ரோட்டுல நின்னு போனை நோண்டிக்கிட்டிருப்பாங்க. பஸ்ஸுக்குள்ள இருக்கும்போதே மாத்திட்டு இறங்கட்டும்.